ஆலப்புழை டூ கோட்டயம்... அத்தையோடு ஒரு படகுப் பயணம்!



படகு என்றாலே நமக்கெல்லாம் என்ன நினைவுக்கு வரும்? ஊட்டி ஏரி, கொடைக்கானல் ஏரி, பிச்சாவரம், முட்டுக்காடு. அரை மணி நேரம் சுற்றிக் காட்டிவிட்டு, ஏறின இடத்திலேயே இறக்கி விடுவார்கள். குழந்தைகள் கை தட்டும், நாம் போட்டோ எடுத்துக் கொள்வோம், அவ்வளவுதான். காய்கறிப் பையோடும் ஸ்கூல் பையோடும் ஏறி, அடுத்த ஊரில் இறங்குகிற படகில் நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்? அப்படி ஒரு படகில் என் மாமியாரோடு போய் வந்தேன். அந்த அனுபவத்தையும், அதனால் நான் தெரிந்து கொண்ட சில விஷயங்களையும் உங்களோடு பகிர்ந்து கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

2024 ஜனவரியில், என் வீட்டுக்காரரோடு வேலை பார்த்தவரின் மகளுக்குக் கோட்டயத்தில் கல்யாணம். 'பாட்டியும் கண்டிப்பா வரணும்' என்று அந்தப் பெண் போனிலேயே கேட்டுக் கொண்டாள். சின்ன வயதில் எங்கள் வீட்டில் வளைய வந்த பெண் அது. ஆனால் அத்தை பிடி கொடுக்கவில்லை. மாமனார் தவறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து அத்தை வாசல்படி தாண்டியதில்லை. 'சாப்பாடு போதும்', 'விளக்கை அணைச்சிடும்மா' என்பதற்கு மேல் பேச்சும் இல்லை. "கல்யாண வீட்டுல நான் எதுக்கும்மா? நீங்க போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார்.

எங்கள் தெருவில், கோட்டயத்தில் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு வந்த பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள்தான் சொன்னாள்: "அக்கா, ஆலப்புழைல இறங்கி கவர்மென்ட் படகுல கோட்டயம் போங்க. டவுன் பஸ் மாதிரி. ரெண்டரை மணி நேரம்தான்." நாத்தனார் பையன் உடனே, "அதெல்லாம் எதுக்கு மாமி, ஹவுஸ்போட் போட்டுடலாம்" என்றான். விசாரித்தால் ஒரு ராத்திரிக்குப் பத்தாயிரத்துக்குக் குறைந்து யாரும் பேசவே இல்லை. கல்யாணத்துக்கு எடுத்து வைத்த மொய்ப் பணத்தைப் போல சில மடங்கு!

என் வீட்டுக்காரருக்கோ இரண்டுமே பிடிக்கவில்லை. "அம்மாவுக்கு முட்டி வலி. எண்பத்தோரு வயசு. படகு ஆடினா யார் பிடிக்கிறது? போன வருஷம் தானூர்ல என்னாச்சுன்னு பேப்பர்ல படிச்சியா இல்லையா?" என்று என் மேல் பாய்ந்தார்.

உள் ரூமிலிருந்து ஒரு குரல். "நான் படகுல போனவடா. நீதான் பஸ்ல பொறந்தவன்!"

ஒரு வருஷத்துக்குப் பிறகு அத்தை பேசிய முதல் நீள வாக்கியம் இது. நான் அப்போதே முடிவு செய்து விட்டேன், படகுதான் என்று.

மணி அடித்தால் நகரும் படகு

சென்னையிலிருந்து ராத்திரி ரயில் ஏறி ஆலப்புழையில் இறங்கினோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே படகுத்துறை. 'ஜெட்டி' என்று கேட்டால் குழந்தைகூட வழி காட்டும். இந்தப் படகுகளை ஓட்டுவது கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை. 1968-ல் தொடங்கிய இந்தத் துறைக்குத் தலைமை அலுவலகமே ஆலப்புழையில்தான். டிக்கெட் படகுக்குள்ளேயே கிழித்துத் தருகிறார்கள். ஆளுக்கு முப்பது ரூபாய்கூட ஆகவில்லை. 'இந்தக் காசுக்கு திண்டிவனத்துல ஆட்டோக்காரர் ஏறிட்டுக்கூட பார்க்க மாட்டார்' என்று என் வீட்டுக்காரரே சிரித்தார்.

ஏறும்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. துறைக்கும் படகுக்கும் நடுவில் ஒரு முழம் தண்ணீர். காக்கிச் சட்டை போட்ட ஊழியர் ஒருவர் கயிற்றை இழுத்துப் பிடித்து, படகைத் துறையோடு ஒட்ட வைத்து, அத்தையின் முழங்கையைத் தாங்கினார். அத்தை அவரைப் பார்க்கவே இல்லை. புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிக் கொண்டு, படகு மேலே எழும்பும் நேரம் பார்த்து, வலது காலை வைத்து ஏறிவிட்டார். தடுமாறியது எங்கள் வீட்டுக்காரர்தான்!

முன்னால் நின்று சுக்கான் பிடிப்பவரைச் சராங்கு என்கிறார்கள். ஆனால் இன்ஜின் அவர் கையில் இல்லை. நடுவில், சத்தம் போடும் இன்ஜின் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார். சராங்கு கயிற்றை இழுத்து மணி அடிப்பார். அந்த மணியைக் கேட்டுத்தான் 'போ', 'நிறுத்து', 'பின்னால் எடு' எல்லாம் இவருக்குத் தெரியும். ஒருவருக்குக் கண், இன்னொருவருக்குக் காது. நம் வீட்டில் கணவன் மனைவி இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக் கொண்டேன்.

கீழே வயல், மேலே தண்ணீர்

ஊருக்குள் இருக்கும் கால்வாயைத் தாண்டினால் புன்னமடைக் காயல். 1952-ல் நேரு வந்து பார்த்த பாம்புப் படகுப் போட்டி இங்கேதான் வருஷா வருஷம் நடக்கிறது. அதற்கப்புறம் வேம்பநாட்டுக் காயல் விரிகிறது. இந்தியாவிலேயே நீளமான ஏரி இதுதானாம். அக்கரை தெரியாமல் வெயிலில் பளபளக்கும்போது, எனக்குக் கடலுக்குள் வந்துவிட்டோமோ என்று தோன்றியது. ஆனால் அலை இல்லை. மடியில் இருந்த டிபன் டப்பா அசையவில்லை.

குட்டநாட்டு வயல்கள் வந்ததும் நான் எழுந்து நின்று விட்டேன். நம் ஊரில் வயல் மேலே, வாய்க்கால் கீழே. இங்கே தலைகீழ்! கரைக்கு அந்தப் பக்கம் பச்சைப் பசேல் என்று நெல். அது நம் படகு மிதக்கும் தண்ணீரைவிட ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே இருக்கிறது. காயலில் மண் கரை கட்டி, உள்ளே இருக்கும் தண்ணீரை இறைத்து வெளியே தள்ளி, கடல் மட்டத்துக்கும் கீழே விவசாயம் செய்கிறார்கள். 2013-ல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு, உலகம் காப்பாற்ற வேண்டிய விவசாய முறைகளில் ஒன்றாக இதைச் சேர்த்திருக்கிறது. கரை உடைந்தால் ஒரே ராத்திரியில் அத்தனையும் போச்சு!

ஒவ்வொரு துறையிலும் படகு நிற்கிறது. ஏறுபவர்கள், இறங்குபவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஒருத்தி கையில் மிக்ஸி, ரிப்பேருக்குக் கொண்டு போய்த் திரும்புகிறாள். ஒருத்தி மடியில் தூங்கும் குழந்தை. யூனிபாரம் போட்ட பெண் பிள்ளைகள் படகிலேயே ஹோம்வொர்க் எழுதுகிறார்கள். வீட்டு வாசலில் நாம் கோலம் போடும் இடத்தில் அவர்களுக்குக் கல் படிக்கட்டு. படிக்கட்டில் பாத்திரம் தேய்க்கிறார்கள், துணி துவைக்கிறார்கள். சின்ன வள்ளத்தில் கேஸ் சிலிண்டர் வருகிறது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சேச்சி தமிழ்ப் படம் பார்த்தே தமிழ் பேசக் கற்றவராம். "பார்க்க நல்லாயிருக்கு இல்லே?" என்றார். "இவ்வளோ வெள்ளம் உண்டு, ஆனா குடிக்க வெள்ளம் இல்லே. குடம் எடுத்துட்டு வள்ளத்துல போணும்." எனக்குச் சுருக்கென்றது. சுற்றிலும் தண்ணீரை வைத்துக் கொண்டு ஒரு குடம் குடிதண்ணீருக்காகத் துடுப்புப் போடும் கஷ்டம் நமக்குத் தெரியுமா?

தண்ணீர்மேல் பச்சைப் பாய் விரித்த மாதிரி ஆகாயத்தாமரை. ஊதாப் பூ அழகுதான். ஆனால் படகின் விசிறியில் சிக்கினால் நகர முடியாது. "கடல் வெள்ளம் உள்ளே வந்தா இது செத்துப் போவும். நெல்லுக்காக பண்டு அடைச்சிட்டா இது வளரும்" என்றார் சேச்சி. தண்ணீர்முக்கம் என்ற இடத்தில் காயலின் குறுக்கே நீளமான தடுப்பு கட்டியிருக்கிறார்கள். மார்கழி வாக்கில் அதை அடைத்தால் உப்புத் தண்ணீர் வயலுக்கு வராது. ஆனால் உள்ளே தேங்கும் தண்ணீரில் பாசியும் அழுக்கும் சேரும், மீன் வரத்தும் குறையும். நெல்லுக்கு நல்லது மீனுக்கு ஆகவில்லை. ஒரே காயலில் இரண்டு வீட்டு அடுப்பும் எரிய வேண்டுமே!

அத்தை திறந்த பெட்டி

இத்தனை நேரமும் அத்தை ஒன்றும் பேசாமல் தண்ணீரையே பார்த்துக் கொண்டிருந்தார். ஒரு திருப்பத்தில், கர்ப்பிணிப் பெண் ஒருத்தி அம்மாவோடு ஏறினாள். ஆஸ்பத்திரிக்குப் போகிறாள் போல. அத்தை நகர்ந்து இடம் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "எங்கம்மாவையும் இப்படித்தான் கூட்டிட்டுப் போனாங்க" என்றார்.

அத்தையின் பிறந்த ஊர் மரக்காணம் பக்கம். வீட்டுக்குப் பின்னால் உப்பளம், அதையொட்டிப் பக்கிங்காம் கால்வாய். அத்தைக்கு ஏழு வயது இருக்கும்போது அவர் அம்மா தம்பிக்கு நிறை மாதம். பாட்டி வீடு மயிலாப்பூரில். மாட்டு வண்டியில் அனுப்பினால் குலுங்கும் என்று, பட்டணத்துக்கு உப்பு ஏற்றிப் போகும் படகில் அனுப்பினார்களாம்.

"ரெண்டு ராத்திரிம்மா. கரையில ரெண்டு ஆளு கயித்தைத் தோள்ல போட்டு இழுத்துட்டு நடப்பாங்க. காத்து தோதா இருந்தா பாய் விரிப்பாங்க. படகுலயே குமுட்டி அடுப்பு. சோறு வடிச்சா முதல்ல கயிறு இழுக்கறவங்களுக்குத்தான். எங்கம்மா சாக்குல சாஞ்சு படுத்திருப்பா. நான் கையைத் தண்ணியில விட்டுக்கிட்டே வருவேன். அடி மண்ணு தெரியும். மயிலாப்பூர்ல இறங்குறப்போ அந்த ஆளுங்கிட்ட எங்கப்பா காசு குடுத்தாரு. 'புள்ளத்தாச்சிக்கு இழுத்த கயித்துக்குக் கூலி வாங்க மாட்டோம்'னு போய்ட்டாங்க."

நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து முப்பது வருஷம் ஆகிறது. இந்தக் கதையை அன்றுதான் கேட்டேன். என் வீட்டுக்காரரும்தான். "ஏம்மா இத்தனை நாள் சொல்லல?" என்றார். "யாருடா கேட்டீங்க?" என்றார் அத்தை.

கோட்டயம் நெருங்க நெருங்கக் கால்வாய் குறுகிப் போகிறது. குறுக்கே நடைபாலங்கள் வருகின்றன. படகு மணி அடித்ததும் ஓர் ஆள் கயிற்றை இழுத்துப் பாலத்தையே தூக்குகிறார், நம் பாம்பன் பாலம் பொம்மை சைஸில் இருப்பது போல! சைக்கிளோடு ஒரு பையன் கரையில் காத்திருக்கிறான். அத்தை அவனைப் பார்த்துக் கை அசைத்தார். கல்யாண வீட்டிலும் மூலையில் உட்காரவில்லை. மணப்பெண் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார்.

நமக்கும் இருந்தது ஒரு தண்ணீர் ரோடு

ஊருக்கு வந்ததும் லைப்ரரியில் பக்கிங்காம் கால்வாயைப் பற்றித் தேடிப் படித்தேன். 1806-ல் பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்காரர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டியதாம் முதல் பகுதி. 1837-ல் அரசாங்கம் எடுத்துக் கொண்டது. கடலோரத்தில் ஏற்கெனவே இருந்த கழிகளை ஒன்றோடொன்று சேர்த்து நீட்டிக் கொண்டே போனார்கள். வடக்கே ஆந்திராவில் பெத்தகஞ்சாம், தெற்கே மரக்காணம். மொத்தம் ஏறக்குறைய 420 கிலோமீட்டர். சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டு கிலோமீட்டரை, 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினி கிடந்த ஜனங்கள் கூலிக்கு வெட்டினார்கள். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயரைக் கால்வாய்க்கு வைத்தார்கள். வெட்டியவர்கள் பெயர் எங்கேயும் இல்லை.

உப்பு, சவுக்கு விறகு, காய்கறி எல்லாம் சென்னைக்கு இதில்தான் வந்தன. மயிலாப்பூர் தண்ணித்துறை மார்க்கெட்டுக்கு அந்தப் பெயர் வந்ததே படகில் காய்கறி வந்து இறங்கியதால்தான் என்று சொல்வார்கள். பாரதிதாசன், நண்பர்களோடு இந்தக் கால்வாயில் மாமல்லபுரம் போனதை 'மாவலிபுரச் செலவு' என்று கவிதையாகவே எழுதியிருக்கிறார். ரயிலும் லாரியும் வந்த பிறகு படகு குறைந்தது. 1965, 1966 புயல்களில் கரைகள் உடைந்து போயின. பிறகு ஊர்ச் சாக்கடை எல்லாம் அதில் விழுந்தது. 1990-களில் பறக்கும் ரயிலுக்குத் தூண்கள் அதிலேயே நட்டார்கள். அப்படியும் 2004 சுனாமியின்போது, பல இடங்களில் ஏறி வந்த கடலைக் கால்வாய் வாங்கிக் கொண்டு, பின்னால் இருந்த ஊர்களைக் காப்பாற்றியது என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். நாம் குப்பை கொட்டினோம், அது நம்மைக் காப்பாற்றியது! 2008-ல் இதைத் தேசிய நீர்வழி எண் 4-ல் சேர்த்தார்கள். ஆனாலும் அத்தை போன வழியில் பயணிகள் படகு திரும்ப வரவில்லை.

கேரளத்திலும் ரோடும் பாலமும் வந்து படகுக்குக் கூட்டம் குறையத்தான் செய்திருக்கிறது. ஆனால் அவர்கள் விட்டுவிடவில்லை. கொல்லத்திலிருந்து கோட்டப்புரம் வரை உள்ள நீர்வழி 1993-லேயே தேசிய நீர்வழி எண் 3 ஆனது. 2017-ல் வைக்கம் - தவணக்கடவு இடையே 75 பேர் உட்காரும் சூரியசக்திப் படகை விட்டார்கள். நாட்டிலேயே அதுதான் முதல். புகை இல்லை, இரைச்சல் இல்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2002 ஜூலையில் முகம்மா - குமரகம் படகு கவிழ்ந்து 29 பேர் இறந்தார்கள். 2023 மே மாதம் தானூரில் சுற்றுலாப் படகில் 22 பேர். இரண்டிலுமே அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்தார்கள். அதனால், கூட்டம் அதிகம் என்று தோன்றினால் அடுத்த படகுக்குக் காத்திருங்கள். கௌரவம் பார்க்காதீர்கள். லைஃப் ஜாக்கெட் எங்கே இருக்கிறது என்று உட்காரும் முன்பே கேளுங்கள். குழந்தைகளுக்குக் கேட்டு வாங்கி மாட்டி விடுங்கள். போட்டோ எடுக்க எல்லோரும் ஒரே பக்கம் ஓடாதீர்கள்.

வயதானவர்களைக் கூட்டிப் போனால் முதலில் பைகளை ஏற்றிவிட்டு, கை வீசி ஏற விடுங்கள். வாசல் பக்கத்து சீட்டில் உட்கார வைத்தால் இறங்கச் சுலபம். பாத்ரூம் வேலையைத் துறையிலேயே முடித்து விடுங்கள். ஆகாயத்தாமரை அடைத்துக் கொண்டாலும், தூக்குப் பாலம் பழுதானாலும் கோட்டயம் படகு முழுத் தூரம் போகாது. முதல் நாளே ஜெட்டியில் விசாரித்து விடுவது நல்லது. புளியோதரை கட்டிக் கொண்டு போங்கள், ஆனால் இலையையும் கவரையும் தண்ணீரில் போடாதீர்கள். அந்தப் படிக்கட்டில்தான் ஒரு பெண் அரிசி களைகிறாள்.

இன்னொரு வேண்டுகோள். எண்ணூரோ, பழவேற்காடோ, கோவளமோ, சதுரங்கப்பட்டினமோ, கால்வாய்க் கரையில் பிறந்த பெரியவர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். அவர்கள் ஏறிய படகு எது, இறங்கிய துறை எது, கயிறு இழுத்தவர்கள் யார் என்று இன்றைக்கே கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கால்வாயைச் சுத்தம் செய்ய அரசாங்கம் வேண்டும், பணம் வேண்டும். கேட்பதற்கு ஒன்றும் வேண்டாம். அவர்கள் இருக்கும்போதே கேட்டால் போதும்.

- ஒரு வாசகி, திண்டிவனம்.